முயற்கொம்பும் கோழிப்பல்லும்

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் பேச்சாளர் ஒருவர் 'துவிஜ' என்னும் வடசொல்லை எடுத்துக்கொண்டார். இருமுறை பிறந்தது என்பது அதன் பொருள். பார்ப்பனரைக் குறிக்கும். முட்டையாக ஒருமுறை, குஞ்சாக ஒருமுறை பிறப்பதால் பறவையையும் குறிக்கும். விழுந்து மீண்டும் முளைப்பதால் பல்லையும் குறிக்கும். இதுவரை அகராதி சொல்வதுதான். அவர் அங்கே நிற்கவில்லை. பறவைக்கு ஒரு காலத்தில் பல் இருந்ததை மேனாட்டு அறிவியலார் அண்மையில்தான் கண்டறிந்தார்கள் என்றும், நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு அதை அன்றே சொல்லிவிட்டார்கள் என்றும் முடித்தார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தேநீர் இடைவேளையில் எங்கள் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "ஐயா, பரிணாமம் வெறும் ஊகம், யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று காலை அமர்வில் சொன்னார்கள். இப்போது அது நம் முன்னோருக்கே தெரியும் என்கிறார்கள். இரண்டில் எது ஐயா சரி?" என்றான். பதில் சொல்லத் தெரியாமல், "பிறகு பேசுவோம்" என்றேன். தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்னும் சமாதானம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. இக்கட்டுரை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். இரண்டும் சரியில்லை என்பது என் முடிவு. அதை ஒப்புக்கொள்ள உயிரியல் பட்டம் தேவையில்லை, ஏடு பதிப்பிக்கும் கலையை ஓரளவு அறிந்தவனுக்கே அது விளங்கிவிடும் என்பது என் கருத்து.

*

பல்லிலிருந்தே தொடங்குகிறேன். என் மகனுக்கு ஏழு வயதில் பல் மருத்துவர் முழுவாய் எக்ஸ்ரே எடுத்தார். திரையில் கண்ட காட்சி என்னைத் திடுக்கிட வைத்தது. முளைத்திருந்த பால்பற்களுக்குக் கீழே, எலும்புக்குள், அடுத்த தலைமுறைப் பற்கள் வரிசை கட்டிக் காத்திருந்தன. நாம் சிரிக்கும்போது தெரியும் குழந்தை முகத்துக்குள் இவ்வளவு கூட்டம் இருக்கிறது. "இவற்றில் சில அவன் தாய் வயிற்றில் இருந்தபோதே தொடங்கியவை" என்றார் மருத்துவர்.

அவர் சொன்னது உண்மை. மனிதக் கருவில் ஏறத்தாழ ஆறாவது வாரத்தில், வருங்கால வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய தோற்படலம் வளைகோடாகத் தடிக்கிறது. அந்தத் தடிப்பில் ஆங்காங்கே சிறு மொட்டுகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. மொட்டின் அடி குழிந்து தொப்பி போலாகிறது. பின் மணி போலாகிறது. மொட்டு, தொப்பி, மணி என்றே உடற்கூற்று நூல்களும் இந்த நிலைகளை அழைக்கின்றன. பல்லை முல்லை அரும்புக்கு ஒப்பிட்டு அலுத்துப்போன நம் கவிமரபுக்கு இந்தச் செய்தி ஒருவேளை மகிழ்ச்சி தரலாம்.

மேலிருந்து இறங்கும் மொட்டு தனியாகப் பல்லை உண்டாக்குவதில்லை. அதன் கீழே வேறொரு திசு வந்து திரள்கிறது. அது கருவின் முதுகோரத்தில், நரம்புக்குழல் மூடும் விளிம்பில் பிறந்து, அங்கிருந்து முகத்துக்குப் பயணம் செய்து வந்தது. மேற்படலம் எனாமலைத் தருகிறது. வந்து சேர்ந்த திசு அதன் உள்ளிருக்கும் டென்டினைத் தருகிறது. இரண்டும் மாறிமாறிச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. 1980களில் எலிக் கருவில் செய்த சோதனைகள் இந்த உரையாடலின் முறையைக் காட்டின. முதலில் பேசுவது மேற்படலம். தாடைக்குத் தொடர்பில்லாத பகுதியிலிருந்து, அதே முதுகோர வழியில் பிறந்த இளந்திசுவை எடுத்துத் தாடையின் மேற்படலத்தோடு சேர்த்தாலும் பல் உருவாகிவிடுகிறது. சில நாள் கழிந்தால் பேச்சுரிமை கீழ்த்திசுவுக்குப் போய்விடுகிறது. அதன்பின் என்ன பல் வேண்டும் என்பதை அதுவே சொல்கிறது.

தொப்பி நிலையில் மேற்படலத்தின் நடுவே சிறு முடிச்சு ஒன்று தோன்றுகிறது. எனாமல் முடிச்சு என்பது அதன் பெயர். ஒரு நூற்றாண்டாக நுண்ணோக்கியில் கண்டும் அதன் பயன் இன்னதென்று யாருக்கும் தெளிவாகவில்லை. 1994இல் ஹெல்சிங்கியில் யூக்கா யெர்ன்வால், இர்மா தெஸ்லெஃப் முதலியோர் அதை விளக்கினார்கள். முடிச்சிலுள்ள செல்கள் தாம் பெருகுவதில்லை; பக்கத்துச் செல்களைப் பெருகச் சொல்லிச் சமிக்ஞை வேதிப்பொருளை வெளியிடுகின்றன. மையம் நிற்க, சுற்றம் வளர்வதால் படலம் மடிகிறது. அந்த மடிப்பின் உச்சியே பல்லின் முகடு. கடைவாய்ப்பல்லில் முகடு எத்தனையோ அத்தனை இடங்களில் அடுத்த முடிச்சுகள் தோன்றுகின்றன. வேலை முடிந்ததும் முடிச்சின் செல்கள் தாமாகவே மடிந்துவிடுகின்றன. பல் வெளியே வரும்போது எனாமலைச் செய்த செல்களும் இருப்பதில்லை. அதனால்தான் தேய்ந்த எனாமலை உடல் மீண்டும் செய்துகொள்வதில்லை. பல் என்பது கட்டியவர்கள் எல்லோரும் போய்விட்ட வீடு.

முடிச்சுகள் எங்கே, எத்தனை, எவ்வளவு இடைவெளியில் என்பதில் சிறு மாற்றம் நேர்ந்தால் போதும், பல்லின் உரு மாறிவிடும். எலிக்கும் பசுவுக்கும் மனிதனுக்கும் வெவ்வேறு கடைவாய்ப்பற்கள் வாய்த்ததற்குத் தனித்தனிக் கைவேலை தேவைப்படவில்லை. ஒரே செய்முறையின் அளவுகளை மாற்றியதே பெரும்பகுதி. 2007இல் கேத்ரின் கவனா, அலிஸ்டர் எவன்ஸ், யெர்ன்வால் மூவரும் எலிக்கருவின் முதல் கடைவாய்ப்பல் மொட்டைப் பின்னாலுள்ள பகுதியிலிருந்து வெட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். பின்பற்கள் விரைவாக, பெரிதாக வளர்ந்தன. முன்னது பின்னதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. இந்தத் தடையின் வலிமையைக் கணக்கிட்டு, மூன்று பற்களின் அளவு விகிதத்தை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அது பல கொறிவிலங்குகளுக்குப் பொருந்தியது. 2016இல் எவன்ஸ் குழுவினர் மனிதக் குடும்பத்துப் புதைபடிவங்களுக்கும் இதே விதியைப் பொருத்தினார்கள். நம் தொல்லுறவினர் பலருக்குக் கடைசிப் பல் பெரிது. நமக்கு அது சிறிது, பலருக்கு முளைப்பதே இல்லை. எனக்கு ஞானப்பல் நான்கில் இரண்டு முளைக்கவே இல்லை. கருத்தரங்கில் கைதட்டியதற்கு அதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

*

இனி இன்மையைப் பற்றி.

நம் தருக்க நூலார் இல்லாத பொருளுக்கு உதாரணம் சொல்லும்போது முயற்கொம்பு, ஆமைமயிர், ஆகாயப்பூ என்பார்கள். பேச்சு வழக்கில் குதிரைக்கொம்பு. பிரெஞ்சுக்காரர்கள் நடக்காத காரியத்தைக் 'கோழிக்குப் பல் முளைக்கும்போது' நடக்கும் என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றே.

தண்டியலங்காரம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. ஏது அணியை விரிக்கும்போது அது இன்மையை ஐந்தாகப் பிரிக்கிறது. அவற்றுள் இரண்டு என்றும் அபாவமும் அழிவுபாட்டு அபாவமும். எக்காலத்தும் இல்லாதது முதலாவது. இருந்து அழிந்தது இரண்டாவது. முயற்கொம்பு என்றும் அபாவம். கோழிப்பல் எதில் சேரும்? இந்தக் கேள்விக்கு உரையாசிரியர் விடை சொல்ல முடியாது. கோழிக்கருவைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டிருக்கிறார்கள். 1980இல் கோல்லார், ஃபிஷர் என்னும் இருவர் கோழிக்கருவின் மேற்படலத்தை எலிக்கருவின் பல்திசுவோடு சேர்த்து வளர்த்தார்கள். எனாமலோடு கூடிய பல் கிடைத்ததாக அறிவித்தார்கள். அக்காலத்தில் அது பெரும் பரபரப்பு. எலியின் மேற்படலம் சிறிது ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று பலர் ஐயப்பட்டார்கள். பின்னாளில் கோழியின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது எனாமலுக்கு இன்றியமையாத மரபணுக்கள் அதில் சிதைந்தோ தொலைந்தோ போயிருந்தது தெரிந்தது. கோழித்திசு எனாமல் செய்திருக்க வழியில்லை. ஐயப்பட்டவர்களே சரி.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2006இல் ஹாரிஸ், ஃபாலன் முதலியோர் ஒருவகைப் பிறழ்வுடைய கோழிக்கருவை ஆராய்ந்தார்கள். அந்தக் கரு குஞ்சு பொரிக்கும்வரை பிழைப்பதில்லை. அதன் தாடை விளிம்பில், எலித்திசு எதுவும் கலக்காமலே, கூம்பு வடிவச் சிறு முளைகள் தோன்றியிருந்தன. எனாமல் இல்லை, ஆனால் வடிவம் முதலைக்குஞ்சின் முதல் பற்களை ஒத்திருந்தது. அவர்கள் தந்த விளக்கம் எளியது. சாதாரணக் கோழியில் செய்தி அனுப்பும் படலமும் அதைக் கேட்க வேண்டிய திசுவும் இடம் விலகி நிற்கின்றன. பிறழ்ந்த கருவில் அவை தற்செயலாக மீண்டும் எதிரெதிரே வந்துவிட்டன. நம் அகத்துறையில் அல்லகுறிப்படுதல் என்று ஒன்று உண்டு. குறி தவறித் தலைவனும் தலைவியும் சந்திக்காமலே திரும்புவது. கோழியின் வாயில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடப்பது அதுதான்.

ஆகவே கோழிப்பல் அழிவுபாட்டு அபாவம். ஆர்க்கியோப்டெரிக்ஸ் முதலிய பழம்பறவைகளின் பல்லுள்ள தாடைகள் பாறையில் கிடைத்திருப்பது இதற்கு வெளிச்சான்று. கரு தருவது அகச்சான்று.

பாலூட்டிகளில் இதைவிடத் தெளிவான சான்று உண்டு. நீலத்திமிங்கிலம் முதலான சல்லடைத் திமிங்கிலங்களுக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து தொங்கும் நகம் போன்ற தகடுகளால் கடல்நீரை வடிகட்டி உண்கின்றன. 1807இல் ழெஃப்ருவா சேன்-ஹிலேர் இவ்வகைத் திமிங்கிலத்தின் கருவில், ஈறுக்குள் புதைந்த பல்முளைகளைக் கண்டார். அவை மொட்டாகின்றன, தொப்பியாகின்றன, மணியாகின்றன. பின் ஈற்றை விட்டு வெளியே வராமலே கரைந்து மறைகின்றன. டார்வின் 1859இல் தம் நூலில் இதை எடுத்துக்காட்டினார். ஒருபோதும் கடிக்கப்போகாத வாயில் எதற்குப் பல்? பல்லுள்ள மூதாதையரிடமிருந்து வந்த வாய் அது என்பதைத் தவிர வேறு நல்ல விடையை நான் இதுவரை படித்ததில்லை. பல்லும் தகடும் ஒருங்கே இருந்திருக்கலாம் என்று சிலர் கருதும் ஏட்டியோசீட்டஸ் முதலிய இடைநிலைத் திமிங்கிலங்களின் எலும்புகளும் பிற்பாடு கிடைத்தன.

*

என் துறைக்கு வருகிறேன். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டார் என்பது நாம் அறிந்ததே. ஏடுகளை ஒப்பிடுவோர்க்கு ஓர் உண்மை விரைவில் புரியும். இரண்டு ஏடுகள் சரியான பாடத்தில் ஒத்துப்போவது எதையும் நிறுவாது. சரியான பாடம் எல்லா ஏட்டிலும் இருக்கக்கூடும். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால், அதிலும் ஒருவர் தனியே செய்ய வாய்ப்பில்லாத விநோதமான பிழையாக இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து படியெடுத்தவை. ஏட்டின் குலமுறையைக் காட்டுவது அதன் செம்மையைவிட அதன் பிழையே.

உயிரின் ஏட்டிலும் இது அப்படியே பொருந்துகிறது. எனாமல் முதிர்வதற்கு எம்எம்பி20 என்றொரு மரபணு வேண்டும். 2011இல் மெரிடித் குழுவினர் இன்றுள்ள சல்லடைத் திமிங்கிலக் குடும்பங்களில் அதைப் படித்தார்கள். எல்லாவற்றிலும் அந்த மரபணுவுக்குள் ஒரே இடத்தில், ஒரே அந்நியத் துண்டு புகுந்து வாசகத்தைக் கெடுத்திருந்தது. ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியே படைத்த கை, எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கு நடுவே ஒரே மைச்சிதறலை எதற்காக வைத்தது? தாய் ஏட்டில் சிந்திய மை என்றால் விளங்குகிறது. 2014இல் அதே மெரிடித்தும் உடன் ஆய்வாளர்களும் 48 பறவைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். பல்லுக்கு வேண்டிய ஆறு மரபணுக்கள் எல்லாவற்றிலும் சிதைந்திருந்தன; சில சிதைவுகள் எல்லாப் பறவைக்கும் பொது. எனாமலைச் செய்யும் ஆற்றல் ஏறத்தாழ 11.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பறவைகளின் பொது மூதாதையில் போயிற்று என்று கணக்கிட்டார்கள்.

'யாரும் கண்ணால் பார்த்ததில்லை' என்பவர்க்கு இதுவே என் பதில். சிந்தாமணியின் மூல ஏட்டையும் யாரும் பார்த்ததில்லை. இருந்ததென்று எப்படி அறிகிறோம்? படிகள் தம் பிழைகளால் சாட்சி சொல்கின்றன. அந்தச் சாட்சியைத் தமிழ்த்துறையில் ஏற்று, விலங்கியல் துறையில் மறுப்பது நேர்மையாகாது.

*

இந்த இடத்தில் எதிர்ப்புறத்து மிகையையும் சொல்லிவிட வேண்டும். கரு தன் வளர்ச்சியில் மூதாதையர் வரலாற்றையெல்லாம் மீண்டும் நடித்துக்காட்டுகிறது என்று 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் விதி வகுத்தார். கேட்க அழகான விதி. நம் மேடைகளில் இன்றும் அதைக் கேட்கலாம். அது பிழை. திமிங்கிலக்கரு தன் பாட்டனின் கிழட்டுப் பற்களை நினைவுகூரவில்லை. பாட்டனின் கரு செய்ததைத் தொடங்கி, இடையில் நிறுத்திக்கொள்கிறது. ஏன் தொடக்கத்தையே நீக்கிவிடவில்லை என்றால், தொடக்கம் பல்லுக்கு மட்டும் உரியதாக இல்லை என்பது ஒரு காரணம். முடி, இறகு, வியர்வைச் சுரப்பி, பல் எல்லாமே தோற்படலத்தில் ஒரு சிறு தடிப்பாகத்தான் தொடங்குகின்றன. ஒரே வகைச் சமிக்ஞைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றை முழுதும் அழிக்கப் போனால் மற்றதும் கெடும்.

இது வெறும் கருத்தன்று என்பதற்குச் சான்று நம் துணைக்கண்டத்திலேயே இருந்தது. சிந்துப் பகுதியில் வாழ்ந்த ஒரு இந்துக் குடும்பத்தைப் பற்றி டார்வின் 1875இல் எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குச் சில சிறு பற்களே இருந்தன. உடலில் முடி மிகக் குறைவு, இளமையிலேயே வழுக்கை, கோடையில் தோல் வறண்டு பெரிதும் துன்பப்பட்டார்கள். பெண்களுக்கு இது வருவதில்லை, ஆனால் அவர்கள் வழியே பேரர்களுக்குப் போகிறது என்பதையும் அவர் குறித்தார். பல்லுக்கும் முடிக்கும் வியர்வைக்கும் என்ன உறவு என்பதற்கு அன்று விடை இல்லை. விடையின் தொடக்கம் 1996இல் வந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஈடிஏ என்னும் மரபணு அடையாளம் காணப்பட்டது. மேற்சொன்ன தடிப்புகள் உருவாகத் தேவையான சமிக்ஞைகளில் ஒன்றை அது தருகிறது. டார்வின் எழுதியதற்கும் மரபணு கிடைத்ததற்கும் இடையே 121 ஆண்டுகள்.

கருத்தரங்கப் பேச்சாளரோடு எனக்குள்ள பிணக்கு இங்கேதான். 'துவிஜ' என்ற சொல்லை ஆக்கியவர்கள் நல்ல கவனிப்பாளர்கள். பல் விழுந்து முளைப்பதையும் முட்டை குஞ்சாவதையும் கண்டு, இரண்டிலும் ஒரு பொதுமையைக் கண்டு பெயரிட்டார்கள். அது அவர்களுடைய பெருமை, அது போதும். அவர்கள் காணாததைக் கண்டதாக நாம் சொல்லும்போது, அவர்கள் கண்டதன் மதிப்பையே குறைக்கிறோம். பறவைக்குப் பல் இருந்தது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்தக் கருத்தை முதலில் அந்தச் சொல்லிலிருந்து யாராவது பெற்றிருக்க வேண்டும். ஆய்வகத்திலிருந்து செய்தி வந்த பிறகே சொல்லுக்குள் அதை நுழைத்தோம். பதிப்புத்துறையில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர்.

சிந்துக் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது டார்வினுக்கும் காரணம் தெரியாது. தெரிந்ததை எழுதி, தெரியாததை விட்டுவைத்தார். அந்தப் பொறுமையே அறிவியல் என்று நினைக்கிறேன். கோல்லார், ஃபிஷரின் சோதனை திருத்தப்பட்டது. ஹெக்கலின் விதி கைவிடப்பட்டது. திருத்திக்கொள்வதைச் சிலர் பலவீனமாகக் காட்டுகிறார்கள். பாடபேதம் குறித்து அடுத்த பதிப்பில் திருத்துபவரை நாம் அப்படிச் சொல்வதில்லை.

2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூல் வந்தபோது, 'மரபுவழியும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபுவழி' என்று சுருங்கியிருந்தது. பாடச்சுமையைக் குறைக்க என்று காரணம் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறதே என்றார்கள். உயிரியல் எடுக்காத பிள்ளை என்ன செய்வான்? 1800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். அவர்களில் தமிழாசிரியர் எத்தனை பேர் இருந்திருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது நம் வேலையில்லை என்று இருந்துவிட்டோம். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டு நம் துறைக்கு வரும் பிள்ளைகளே நம் மாணவர்கள். அவர்களுக்குப் பரிணாமத்தைச் சொல்ல நம்மைத் தவிர ஆள் இல்லாமல் போகலாம்.

இந்தப் பருவத்தில் அலங்காரம் நடத்தும்போது ஏது அணிக்கு வருவேன். என்றும் அபாவத்துக்கு முயற்கொம்பைச் சொல்வேன். அழிவுபாட்டு அபாவத்துக்கு, வழக்கமான உதாரணங்களோடு, கோழிப்பல்லையும் சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன். அந்த மாணவன் இப்போது மூன்றாமாண்டு, முன்வரிசையில்தான் உட்காருகிறான்.